பாதுகாவலர் கையொப்பம்

என் பத்தாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கையை இன்னும் வைத்திருக்கிறேன். நாலாய் மடித்து மடித்து, மடிப்பு வழியே கிழிந்து, பின்பக்கம் செலோரேப் ஒட்டியிருக்கிறது. அடியில் ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் அண்ணாவின் கையெழுத்து. முதலெழுத்து மட்டும் பெரிதாக, மிச்சமெல்லாம் அவசரமாக. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். மேசன் வேலையால் வந்து கை கழுவ முதலே வாங்கிப் பார்த்திருக்கிறார்; சீமெந்து பதிந்துவிட்டது. அப்போது அவருக்கு 22 வயது. எனக்கு 15.

அம்மா 2009 பெப்ரவரியில் தேவிபுரத்தில் போனா. அப்பா ஏப்ரலில் மாத்தளனில். அதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது. செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு 2010இல் தருமபுரத்துக்குத் திரும்பியபோது வளவில் மிஞ்சியிருந்தது கிணற்றுக்கட்டும் இரண்டு தென்னையும்தான். தறப்பாள் கொட்டிலில் தொடங்கினோம். நிவாரண அட்டையில் குடும்பத் தலைவர் அண்ணா. விதானையாரிடம் போவது அண்ணா. பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, அம்மாமார் இருக்கிற வாங்கின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதும் அண்ணாதான்.

எழுத வந்தது ஓர் அமெரிக்கச் செனட்டரைப் பற்றி. அண்ணாவைச் சொல்லாமல் அந்த மனிதரிடம் போக எனக்கு வழி தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த காலத்தில், ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்திருக்கிற ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு) பற்றிய பாடத்துக்காக அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் (சுப்ரீம் கோர்ட்) 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வாசிக்க வேண்டியிருந்தது. ஹம்டான் எதிர் ரம்ஸ்ஃபெல்ட். கியூபாவில் அமெரிக்கப் படை நடத்தும் குவாந்தனாமோ முகாமில் இருந்த ஒரு கைதியின் வழக்கு. அதன் அடிக்குறிப்பு ஒன்றில் இரண்டு செனட்டர்களின் பெயர் வந்தது. அதில் ஒருவர் லிண்ட்ஸி கிரஹாம். குவாந்தனாமோக் கைதிகள் ஆட்கொணர்வு மனுப் போடும் வழியை அடைக்கும் திருத்தத்தைச் செனட்டில் கொண்டுவந்தவர் அவர்தான் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு கோபம் மூண்டது. எங்கள் பகுதியில் அந்த மனு வெறும் பாடப்புத்தகச் சொல் இல்லை. அதை றெக்சின் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். ஆர் இந்த மனிதர் என்று தேடினேன்.

1955 யூலை 9ஆம் திகதி தென் கரோலினா மாநிலத்தில் சென்ட்ரல் என்கிற சிற்றூரில் பிறந்தவர். தாய் தகப்பன் நடத்தியது சாப்பாடும் மதுவும் விற்கும் ஒரு கடை. பில்லியர்ட்ஸ் மேசைகளும் அங்கேயே. கடைக்குப் பின்பக்கம்தான் குடித்தனம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1976இல், தாய் புற்றுநோயால் இறந்தார். 15 மாதம் கழித்துத் தகப்பன் மாரடைப்பால் போனார். கிரஹாமுக்கு அப்போது 22 வயது. தங்கைக்கு 13.

அந்த வரியில் நின்றுவிட்டேன். விடுதி அறையில் மற்றவர்கள் நித்திரை. கைபேசியின் வெளிச்சத்தில் அந்த இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வயதுக் கணக்கு எங்களுடையதோடு ஒன்றிரண்டுதான் வித்தியாசம். தங்கையை மாமன் மாமி வீட்டில் விட்டுவிட்டுப் படிப்பைத் தொடர்ந்திருக்கிறார். 1981இல் சட்டப் பட்டம், 1982இல் விமானப்படையில் சட்ட அதிகாரி. பிறகு தங்கையைச் சட்டப்படி தத்தெடுத்திருக்கிறார், படையினரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகைகள் அவளுக்கும் கிடைக்கட்டும் என்று. சொந்தத் தங்கையை ஒரு தமையன் மகளாக எழுதிக்கொள்வது! கோபத்தோடு தேடப் போன எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. அன்றிலிருந்து இந்த மனிதரை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

படையில் சட்டத்தரணிக்கு என்ன வேலை என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அமெரிக்கப் படைகளில் இந்தப் பிரிவுக்கு ‘ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்’ பிரிவு என்று பெயர், சுருக்கமாக ஜாக். 1775இலேயே, சுதந்திரப் போர் தொடங்கிய வருடத்திலேயே, வாஷிங்டனின் படைக்கு அப்படி ஒரு பதவி ஏற்படுத்தப்பட்டுவிட்டது. நாள்தோறும் பார்க்கிற வேலை பெரும்பாலும் கடதாசி வேலைதான். போருக்குப் புறப்படுகிறவனுக்கு மரணசாதனம் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டளை அதிகாரிக்குச் சட்ட ஆலோசனை சொல்ல வேண்டும். எந்த இலக்கைத் தாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை விமானிகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். குற்றம் என்று வந்தால் இராணுவ நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குத் தொடுப்பார், இன்னொருவர் எதிரிக்காக நிற்பார். இருவரும் ஒரே சீருடை.

‘எதிரி’ என்று எழுதியதும் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் நாட்டு நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பெயரே எதிரிதான். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். களவுக்குப் பிடிபட்ட பதினெட்டு வயசுப் பொடியனும் கூண்டில் ஏறினால் எதிரி. பழகின காதுக்கு அது உறைக்காது. கிரஹாமின் வரலாற்றை வாசிக்கும்போதுதான் எனக்கு அந்தச் சொல் உறைத்தது. ஏனென்றால் இந்த மனிதரின் தொழில் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கும் நடுவே போகிறது.

முதல் பொருளில் அவர் எதிரிக்காக நின்றவர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகளில் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை மும்முரமாக நடந்தது. ஆய்வுகூடத்திலிருந்து ஒரு தாள் வரும். அதோடு ஒருவனின் வாழ்க்கை முடிந்துவிடும். கஞ்சா பாவித்ததாக ஒரு விமானி மீது குற்றச்சாட்டு வந்தது. அவருக்காக நின்ற கிரஹாம், விமானி எப்படிப்பட்ட மனிதர் என்பதோடு நிற்காமல் பரிசோதனை நடந்த விதத்தையே கேள்வி கேட்டார். விமானப்படையின் பரிசோதனை முறையில் குறை இருந்தது வெளியே வந்தது. 1984இல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை நாடு முழுக்கக் காட்டியது.

இதை வாசித்தபோது நான் கனிஷ்ட சட்டத்தரணியும் ஆகவில்லை. இப்போது யோசித்தால் அந்த வேலையின் பெறுமதி இன்னும் கூடத் தெரிகிறது. சம்பளம் தருகிற படை, பதவி உயர்வு தரப்போகிற படை, தங்கையின் வைத்தியச் செலவுக்கு உத்தரவாதம் தருகிற அதே படை ஒரு தாளை நீட்டி ‘இவன் குற்றவாளி’ என்கிறது. இவர் எழுந்து, ‘அந்தத் தாள் பிழை’ என்கிறார். துணிவு மட்டும் இருந்தால் அது நடக்காது, அமைப்பும் இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்க விமானப்படையில் 1970களிலேயே அந்த இடத்தை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். எதிரிக்காக நிற்கிற சட்டத்தரணி அந்தத் தளத்தின் கட்டளை அதிகாரிக்குக் கீழே வேலை செய்வதில்லை; அவருடைய மேலதிகாரி வேறு. அந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் 20 வயதுகளில் இருக்கிற ஒரு கப்டன் எழுந்து நின்று என்னத்தைச் சொல்லியிருக்க முடியும்?

அதே 1984இல் ஜேர்மனியின் ரைன்-மைன் விமானத் தளத்துக்கு மாற்றம். நாலு வருடம் ஐரோப்பாவில் விமானப்படையின் தலைமை வழக்குத்தொடுநர். பக்கம் மாறினாலும் சட்டம் ஒன்றே என்பதுதான் இந்தத் தொழிலின் பயிற்சி. பிறகு தேசிய காவற்படை, அதற்குப் பிறகு விமானப்படையின் சேமப்படை. 1990, 91 வளைகுடாப் போரின்போது திரும்ப அழைக்கப்பட்டு, தன் மாநிலத்திலேயே ஒரு தளத்தில் இருந்து, புறப்படும் விமானிகளுக்குப் போர்ச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்.

அரசியல் வளர்ச்சியை வேகமாகச் சொல்லிவிடலாம். 1992இல் மாநிலச் சட்டசபை. 1994இல் பிரதிநிதிகள் சபை. 2002இல் செனட். எங்கள் ஆட்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இருக்காது. அப்புக்காத்துமார் பாராளுமன்றம் போவது எங்களுக்குப் பழகின பாதை, ஜி. ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம் காலத்திலிருந்து தமிழரின் அரசியலைச் சட்டத்தரணிகள்தான் பேசி வந்திருக்கிறார்கள். வவுனியாவின் 1947ஆம் ஆண்டு உறுப்பினர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராக இருந்தவர், அவரும் சட்டம் படித்தவர். கிளிநொச்சியின் உறுப்பினராக இருந்த ஆனந்தசங்கரி ஐயாவும் சட்டத்தரணிதான். ஆனால் சீருடையோடு வழக்காடிய ஒருவர் சட்டம் ஆக்கப் போவது நாங்கள் பார்க்காத காட்சி. அவர் என்ன கொண்டுபோகிறார் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

கொண்டுபோயிருக்கிறார். ஜனாதிபதி கிளின்டன் மீதான குற்றப்பிரேரணையில் பிரதிநிதிகள் சபையின் சார்பாக வாதாடிய 13 பேரில் கிரஹாமும் ஒருவர். அதற்கு முதல் நீதிக் குழுவில் நாலு குற்றச்சாட்டுகளை வாக்குக்கு விட்டார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒரேயொருவர் அதில் ஒன்றுக்கு எதிராக வாக்களித்தார், அது கிரஹாம். கட்சி நாலும் வேண்டும் என்று நிற்கும்போது, மூன்றுக்கு ஓம், ஒன்றுக்கு இல்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடைபோடுகிற வழக்கம் அது; கோர்ட்டில் பழகின ஆட்களிடம்தான் இருக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. செனட்டராக இருந்துகொண்டே அவர் சேமப்படையில் விமானப்படைக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் அமர்ந்தார். லேன் என்கிற ஒரு படைவீரரின் மேன்முறையீட்டில், சட்டம் ஆக்குகிறவர் எப்படி நீதிபதியாகவும் இருக்கலாம் என்று கேள்வி எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் காலத்தில் அரசின் வேறு பதவி வகிக்கக்கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்பு. 2006இல் படைகளுக்கான உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம், கிரஹாம் அந்த ஆசனத்தில் இருக்க முடியாது என்று தீர்த்தது. ஒரு செனட்டரை எழும்பச் சொல்வதற்கு ஒரு சாதாரணப் படைவீரனின் மேன்முறையீடு போதுமாக இருந்தது.

எங்கள் நாட்டிலும் இராணுவச் சட்டமும் பாராளுமன்ற ஆசனமும் ஒருமுறை முட்டியது. 2010 ஏப்ரலில் கொழும்பில் தெரிவான சரத் பொன்சேகாவுக்கு இராணுவ நீதிமன்றம் 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தது, ஆசனம் பறிபோனது. இராணுவ நீதிமன்றமும் அரசமைப்பு சொல்லும் ‘நீதிமன்றம்’தானா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போய், 2011 ஜனவரியில் ‘ஆம்’ என்று முடிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் இராணுவத்தின் தளபதியாக இருந்தவர் அவர். அந்தப் போருக்குள் இருந்தவள் நான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை வாசித்தபோது, அதிகாரிகள் மட்டும் கூடி விசாரிக்கிற ஒரு மன்றத்தைப் பற்றிய அவருடைய கேள்வி நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. ஆர் கேட்டது என்று பார்த்தால் சட்டம் படித்துப் பிரயோசனம் இல்லை.

இனி அந்தத் திருத்தத்துக்கு வருகிறேன்.

குவாந்தனாமோ முகாம் 2002 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருப்பவர்களும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்று 2004 யூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005 நவம்பர் 10ஆம் திகதி கிரஹாம் கொண்டுவந்த திருத்தம் 49க்கு 42 என்று செனட்டில் நிறைவேறியது. சில நாளில் செனட்டர் லெவினோடு சேர்ந்து அதைத் திருத்தி எழுதி, 84க்கு 14 என்று நிறைவேற்றினார்கள். அவருடைய வாதம் இதுதான்: பிடிபட்ட எதிரிப் போராளி, பிடித்த நாட்டின் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழமை போர்ச் சட்டத்தில் இல்லை, படையே ஒரு விசாரணைக் குழு வைத்து அவர் யார் என்று தீர்மானிக்கட்டும், அதை ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுப்பட்ட அளவில் பார்க்கட்டும்.

இங்கே வருகிற எதிரி இரண்டாம் பொருளில் வருகிற எதிரி.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். அதே 2005இல் கைதிகளைக் கொடூரமாகவும் இழிவாகவும் நடத்துவதைத் தடைசெய்த செனட்டர் மெக்கெயினின் திருத்தத்துக்குத் தோள்கொடுத்தவர் கிரஹாம். கடும் விசாரணை முறைகளை எதிர்த்துப் படைச் சட்டத்தரணிகளின் தலைவர்கள் 2003இலேயே எழுதிய குறிப்புகளைச் செனட்டின் பதிவில் ஏற்றியவரும் அவர்தான். 2006இல் தன் சொந்தக் கட்சி ஜனாதிபதியின் அரசு, எதிரியின் கண்ணில் காட்டாத சாட்சியத்தை வைத்து அவனைத் தண்டிக்க இடம்தரும் சட்டம் கேட்டபோது, மெக்கெயின், வோர்னரோடு சேர்ந்து நின்று முடியாது என்றார். அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை வழக்கு ஆடிய அதே சட்டத்தரணியின் குரலை நான் அங்கே கேட்கிறேன். தாளைக் காட்டு, காட்டாமல் தண்டிக்காதே.

ஆனால் தாளைக் கேட்கிற உரிமை கோர்ட்டுக்குள் வந்தவனுக்குத்தான் பயன்படும். கோர்ட் வாசலுக்கே வரமுடியாதவன் எந்தத் தாளைக் கேட்பான்? ஆட்கொணர்வு மனு கேட்பது குற்றமா இல்லையா என்பதை அல்ல. அது அதற்கும் முந்திய, மிகச் சின்னக் கேள்வி. ஆள் எங்கே? எந்தச் சட்டத்தில் வைத்திருக்கிறாய்? இதைக் கேட்க, வைத்திருக்கப்பட்டவர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை. அவர் முதல் பொருளில் எதிரியாகவும் இருக்கலாம், இரண்டாம் பொருளில் எதிரியாகவும் இருக்கலாம். விமானியின் வழக்கில் இதைத் தெரிந்திருந்த மனிதர், ஆளின் வகையைப் பார்த்து வாசலைச் சாத்தியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹம்டான் தீர்ப்பின் அந்த அடிக்குறிப்புக்கும் வருவோம். நடந்துகொண்டிருக்கிற வழக்குகளையும் திருத்தம் அடைக்கும் என்று காட்ட, கிரஹாமும் செனட்டர் கைலும் சபையில் பேசியதாக ஓர் உரையாடல் பதிவில் இருந்தது. விவாதம் முடிந்த பிறகு பதிவில் சேர்க்கப்பட்டதாகத் தெரிகிறது என்று உயர் நீதிமன்றம் அடிக்குறிப்பில் எழுதியது. ஆய்வுகூடத் தாள் எப்படித் தயாரானது என்று கேட்டுப் பெயரெடுத்தவரின் தாளை நீதிமன்றம் அப்படிப் பார்த்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அந்த வழக்கில் ஹம்டானுக்காக நின்றவரும் ஒரு படைச் சட்டத்தரணிதான். கடற்படையின் சார்ள்ஸ் ஸ்விஃப்ட். 2006 யூன் 29இல் 5க்கு 3 என்று வென்றார். இரண்டு கிழமையில், பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று அறிந்தார். படையை விட்டு ஓய்வுபெற வேண்டியதாயிற்று. அதே வருடம் ஒக்ரோபரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஆக்கி வாசலை மறுபடி அடைத்தது. 2008 யூன் 12ஆம் திகதி, பூமெடீன் என்கிற கைதியின் வழக்கில், 5க்கு 4 என்று உயர் நீதிமன்றம் அதை மறுபடி திறந்தது. அதற்குள் சிலர் ஆறு வருடம் உள்ளே இருந்துவிட்டார்கள்.

2015இல், 33 வருடச் சேவைக்குப் பிறகு, கேணல் தரத்தில் கிரஹாம் படையிலிருந்து ஓய்வு பெற்றார். செனட்டராக இருந்துகொண்டே ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சேமப்படைக் கடமைக்குப் போய், அங்கே கைதிகள் தொடர்பான சட்ட வேலைகளைப் பார்த்தவர். உழைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் அவவின் கையை விட்டுப் போனவன். படையினர் பெயர் பதியச் சொன்னார்கள், கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தா. பிறகு காணவில்லை. அந்த இடத்திலிருந்து போனவர்களுக்காகப் பலர் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போனதும், விசாரணை முல்லைத்தீவு நீதவானிடம் அனுப்பப்பட்டதும் நாடறிந்த வழக்குகள். மாமியின் மனு வேறு. அது எங்கே என்று நான் எழுதப் போவதில்லை. பயிற்சிக் காலத்தில் என் மூத்த சட்டத்தரணியின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த வழக்குக்குப் போவேன்.

முன்பு ஆட்கொணர்வு மனுவுக்குக் கொழும்புக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம்தான் அந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் கொடுத்தது. 13ஐப் பற்றி அரசியல்வாதிகள் ஆயிரம் பேசுவார்கள். ஒரு தாய் இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போகாமல் தன் மாகாணத்திலேயே ‘என் பிள்ளை எங்கே’ என்று கேட்க வைத்ததும் அதே திருத்தம் என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை. தெற்கிலும் இதே மனுவோடு தாய்மார் அலைந்திருக்கிறார்கள். லீடா வயலட்டின் வழக்கு 1994ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. எங்கள் சட்டத்தரணிகள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சிங்களத் தாய் வெட்டிய வாய்க்காலில் தமிழ்த் தாயின் தண்ணீரும் போகிறது.

ஒரு தவணைக்கு, அரச சட்டவாதிக்குப் பின்னால் இருந்த வாங்கில் சீருடையோடு ஓர் இளம் அதிகாரி வந்து இருந்தார். மடியில் கோப்பு. சட்டவாதி திரும்பிக் கேட்கும்போதெல்லாம் தாளைப் புரட்டி நீட்டினார். மாமி வழக்கைப் பார்க்கவே இல்லை. முழு நேரமும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. வெளியே வந்து வேம்புக்குக் கீழே நின்றபோது என்னைக் கேட்டா:

“பிள்ளை, அந்த யூனிபோம் போட்ட தம்பியும் லோயரே?”

“ஓம் மாமி, அப்பிடித்தான் சொல்லிச்சினம். அவையளுக்கும் லோயர்மார் இருக்கினம்.”

“அப்ப சட்டம் படிச்ச பிள்ளை. அவனுக்கு விளங்கும், என்ன?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமி றெக்சின் பையைத் திறந்து மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் நடுவில் திரும்ப வைத்தா. லமினேற் பண்ணின படம். ஒரு மூலை ஊறிப் பிரிந்திருந்தது.

அவனுக்கு விளங்குமா? கிரஹாமின் வாழ்க்கையை இத்தனை வருடம் வாசித்ததும் அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடித்தான். விளங்கும் மாமி. நிச்சயமாக விளங்கும். படையின் தாள் பிழைக்கும் என்று ஒருவருக்கு விளங்கியிருந்தது. அந்த விளக்கத்தோடு ஒரு விமானிக்காக எழுந்து நின்றார். தாயும் தகப்பனும் இல்லாமல் ஒரு பிள்ளை நிற்பது எப்படியென்றும் அவருக்கு விளங்கியிருந்தது. தன் பெயரையே பாதுகாவலர் கோட்டில் எழுதிக் கொடுத்தார். எந்தக் கூண்டில் நிற்கிறவனுக்காக, எந்த வாசலில் நிற்கிறவளுக்காக அந்த விளக்கத்தை எடுத்து வைப்பது என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. அந்த வாங்கில் இருந்த இளம் அதிகாரிக்கும் ஒரு தங்கை இருக்கலாம். மேலதிகாரிக்குக் கீழ் இல்லாமல் எழுந்து நிற்க அவருக்கு ஓர் இடம் இருந்திருந்தால், மாமியின் பார்வைக்கு அவர் முகம் கொடுத்திருப்பார் என்று நம்பத்தான் எனக்கு விருப்பம்.

அண்ணாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். கிணற்றடியில் மட்டக்கோலையும் மணியாசுக் கரண்டியையும் கழுவிக்கொண்டு கேட்டார். திருத்தம், வாக்கு எண்ணிக்கை ஒன்றும் அவருடைய மனதில் பதியவில்லை. “அந்தத் தங்கச்சி பிறகு படிச்சவவோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் அண்ணா, தமையனுக்காகத் தேர்தல் மேடையில் ஏறிப் பேசுகிற அளவுக்கு வளர்ந்தா என்றேன். தலையாட்டிவிட்டு, கரண்டியில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டத் தொடங்கினார்.

போன கிழமை மாமியின் சத்தியக்கடதாசி ஒன்றைப் புதிதாக எழுத வேண்டி வந்தது. பழைய மூத்த சட்டத்தரணி இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. கோப்பு என் கையில். அட்டையின் உள்பக்கம் தவணைத் திகதிகள் வரிசையாக, நாலைந்து பேனா மையில், மேலிருந்து கீழ்வரை நிரம்பிவிட்டன. புதுத் தாளொன்று ஒட்டியிருக்கிறேன். மாமி கச்சான் பிடுங்கிய கையோடு வந்தா. நகத்துக்குள் செம்மண். ‘மனுதாரர் கையொப்பம்’ என்ற கோட்டைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினா.

“இந்தமுறையும் அந்தத் தம்பி வருவானே?”

“தெரியேல்லை மாமி. வந்தால் நான் போய்க் கதைக்கிறன்.”

தவணை திங்கட்கிழமை. முதல் பஸ்ஸைப் பிடிக்க விடிய முதல் சந்தியில் நிற்க வேண்டும். அண்ணா மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் ஓடி எங்களை இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.